பெட்டிக்குள் வைக்க மறந்தது

களனி ஆற்றின் நீர்மட்டம் உயர்கிறது என்று வானொலி சொல்லும்போதெல்லாம் எனக்கு வெற்றுச் சதுரங்களே ஞாபகத்துக்கு வருகின்றன. வரிசை வரிசையாக, ஒரு தாள் நிறையச் சதுரங்கள். அவை 37 குடும்பங்களின் பெயர்கள்.

2016ஆம் ஆண்டு மே மாதம். நாட்கணக்கில் மழை. 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே நாட்களில் களனி ஆறு கரைமீறி, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல, களனி என்று கொழும்பின் விளிம்பெல்லாம் புகுந்தது. பாடசாலைகளும் விகாரைகளும் முகாம்களாயின. செய்தி சேகரிக்கப் போன நான் இரண்டாம் நாளே பட்டியல் எழுதுபவனாகிவிட்டேன். மூன்று மொழிகளிலும் ஒரு பெயரைக் காதால் கேட்டுப் பிழையின்றி எழுதத் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் பத்திரிகையாளனைவிட அதிகக் கிராக்கி.

வெள்ளவத்தையில் இருக்கும் நண்பர் ஒருவரின் மகனும் அங்கே வந்திருந்தான். மென்பொருள் பொறியியலாளன். கையால் எழுதிய பட்டியல்கள் முகாமுக்கு முகாம் முரண்படுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு இரவில் சிறிய நிரல் ஒன்றை எழுதினான். குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை, கைக்குழந்தை உண்டா, நீரிழிவு மாத்திரை தேவையா என்று பதிந்தால், மறுநாள் காலை சுவரில் ஒட்டுவதற்கும் பிரதேச செயலகத்துக்குக் கொடுப்பதற்கும் அச்சிடத்தக்க தாளாக அது வெளியே வரும். பெயர் எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியிலேயே நிற்கும். எல்லா முகாம்களிலிருந்தும் பயன்படுத்தலாம் என்று வாடகைச் சேவையகம் ஒன்றில் ஏற்றினான்.

முதல் நாள் காலை பாடசாலை அலுவலகத்து அச்சுப்பொறியிலிருந்து தாள்கள் வந்தன. ஆங்கிலம் சரி. சிங்களம் சரி. தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் சதுரம். நாங்கள் அவசரத்தில் பார்க்காமலே ஒட்டிவிட்டோம். வயதான அம்மா ஒருவர் சுவருக்கு மிக அருகில் போய் நின்று, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இதுல எது என் பேரு?" என்று கேட்டார். கண் மங்கியதால் தனக்குத்தான் எழுத்துத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். உலர் உணவுப் பொதி அந்தத் தாளைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. பெயர் இல்லாதவர்கள் ஓரமாக நிற்கவேண்டியிருந்தது. நிற்கச் சொன்ன தொண்டர்கள் கெட்டவர்கள் அல்லர். தாளில் இருந்ததைப் பின்பற்றினார்கள்.

பையனைக் கூப்பிட்டேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினான். அதில் எல்லாப் பெயர்களும் அழகாக இருந்தன.

"என்ர லப்டொப்பில வடிவா வருது, அங்கிள்," என்றான், ஏறத்தாழ அழும் குரலில்.

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் கேட்டது அவன் பிறந்த காலத்தில்.

தொண்ணூறுகளில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். பக்கங்களைப் பேஜ்மேக்கரில் வடிவமைத்து, பிளொப்பித் தட்டுகளில் போட்டு, வேறொரு கட்டடத்தில் இருந்த அச்சகத்துக்குக் கொடுத்தனுப்புவோம். நாங்கள் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. இலங்கையில் அன்று கணினியில் தமிழ் எழுதியோர் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருந்தார்கள். பாமினியில் எழுதுவதென்பது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளை அடிப்பதுதான். 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். பாமினி என்ற முகமூடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். ஓரிரவு அச்சகத்துக் கணினியைத் துடைத்துப் புதிதாக்கியிருந்தார்கள். பாமினியைத் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். முதற்பக்கத் தலைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நின்றது. நள்ளிரவு தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை போக வழியில்லாத காலம். மட்டக்களப்புக்கும் மலையகத்துக்குமாவது கட்டுகள் போகவேண்டும். பக்க வடிவமைப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "என்ட மெஷின்ல சரியா இருந்திச்சே."

அதற்குப் பிறகு எங்கள் அச்சுக்கோப்புப் பகுதி மூத்தவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பக்கத் தட்டுடன் இன்னொரு தட்டில் எழுத்துருக்கள், உறைக்குள் ஒரு துண்டுத்தாள். தாளில் எந்தப் பக்கத்தில் எந்த எழுத்துரு, எந்தப் படம் என்று பென்சிலால் எழுதியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிறு மலரின் அலங்காரத் தலைப்பு எழுத்துருவை அந்த விபத்துக்கு முன்பும் நாங்கள் மறக்காமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். அது அரிதானது, அச்சகத்தில் இராது என்று தெரியும். பாமினியை மட்டும் யாரும் அனுப்பவில்லை. அது எங்கும் இருக்கும், காற்றைப்போல.

களனியில் நடந்ததும் அதுவேதான். பையனின் சேவையகத்தில் சிங்களம் ஏன் சரியாக வந்தது என்பதை அன்று மதியம் கண்டுபிடித்தோம். அவனுடைய மடிக்கணினியில் ஆரம்பத்தில் சிங்கள எழுத்துரு இல்லை. ஆகவே அதை நிறுவவேண்டும் என்று நினைவில் வைத்து, தேவைப் பட்டியலிலும் எழுதியிருந்தான். தமிழ் அவனுடைய கணினியில் பல்கலைக்கழகக் காலம் முதல் இருந்தது. எழுதியவன் தமிழன். தமிழை அதனாலேயே எழுத மறந்தான்.

அந்தத் 'தேவைப் பட்டியல்' என்னவென்று விளக்காமல் மேலே போக முடியாது. தொழில்நுட்பம் தெரிந்த நண்பர்கள் அடுத்த சில பந்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

ஒரு நிரல் தனியே ஓடுவதில்லை. அதற்கு வேறு நிரல்கள் வேண்டும், அவற்றுக்கு வேறு சில வேண்டும், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பாக வேண்டும். லினக்ஸ் உலகில் இந்தச் சிக்கலை முதலில் ஒழுங்காகக் கையாண்டவற்றுள் ஒன்று டெபியன். இயன் மர்டொக் என்ற மாணவர் 1993இல் தொடங்கியது. தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. டெபியனின் பொதி ஒன்றைப் பையன் எனக்குப் பிரித்துக் காட்டினான். எனக்குப் பெரும் வியப்பு. உள்ளே இருப்பவை மூன்றே கோப்புகள். ஒன்றில் '2.0' என்ற எண் மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் உண்மையான சரக்கு. மூன்றாவதில் விபரச்சீட்டு: பொதியின் பெயர், பதிப்பு, பராமரிப்பவர், அப்புறம் 'இது எவற்றைச் சார்ந்திருக்கிறது' என்று ஒரு வரி. எங்கள் மூத்தவரின் பென்சில் துண்டேதான். டீபிகேஜி என்ற கட்டளை பொதியைக் கட்டவும் பிரிக்கவும் செய்யும். ஆப்ட் என்ற கட்டளை அந்தச் சீட்டை வாசித்து, குறைந்தவற்றை வலையிலிருந்து தேடி எடுத்து, வரிசையாக நிறுவும்.

ஆனால் இரண்டு நிரல்கள் ஒரே பொருளின் இரண்டு வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால் சண்டை வரும். பையன் பயன்படுத்திய டொக்கர் அந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்க்கிறது: நிரலோடு அது ஓடவேண்டிய சின்னஞ்சிறு லினக்ஸ் சூழலையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கட்டிவிடு. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைதன் மாநாடொன்றில் சொலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடப் பேச்சில் இதை உலகுக்குக் காட்டினார். பெட்டியில் என்ன இருக்கவேண்டும் என்று ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரி வரியாக எழுதவேண்டும்: இந்த அடிப்படையிலிருந்து தொடங்கு, இவற்றை நிறுவு, இந்தக் கோப்புகளைப் பிரதிசெய், இறுதியில் இதை ஓடவிடு. பிறகு 'டொக்கர் பில்ட்' என்று அடித்தால் பெட்டி தயார். 'டொக்கர் ரன்' என்றால் ஓடும்.

டொக்கர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் துறைமுகச் சம்பளத்தில் எரிந்த அடுப்புகள். மூட்டை தூக்குபவரை நாங்கள் நாட்டாமை என்போம் (தமிழ்நாட்டு நண்பர்கள் சொம்பும் ஆலமரமுமாக ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டாம்). எண்பதுகளில் கொழும்பில் கொள்கலன் முனையங்கள் வந்தபின் தனித்தனி மூட்டைகள் குறைந்தன. பெட்டிக்குள் தேயிலையா, துணியா என்று பாரந்தூக்கிக்குத் தெரியவேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையில் பலருக்கு வேலையும் இல்லாமற்போயிற்று. டொக்கரின் இலச்சினையில் திமிங்கலத்தின் முதுகில் அடுக்கியிருக்கும் கொள்கலன்களைப் பார்க்கும்போது அவர்களில் சிலருடைய முகங்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. அது வேறு கதை.

கொள்கலனுக்குள் யார் எதை வைத்தார்களோ அதுதான் மறுமுனையில் கிடைக்கும். இந்தப் பெட்டிகளைச் சிறிதாக்குவதில் நிரலாளர்களுக்கு ஒரு வெறி உண்டு; அது நியாயமும்கூட. மெலிந்த டெபியன் அடிப்படைகளில் கையேடுகளும் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்கும். எழுத்துருக்களோ, யாராவது கேட்டாலொழிய அங்கே இரா. பையனின் பெட்டியில் தாள் தயாரிக்கும் கருவி தனக்குச் சார்பாக டெஜாவு என்ற எழுத்துருவை இழுத்து வந்திருந்தது. அதில் ஆங்கிலம் உண்டு, கிரேக்கம் உண்டு, ருஷிய எழுத்து உண்டு. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை, ஆனால் சிங்களத்துக்கு அவன் ஒரு வரி எழுதியிருந்தான். அந்த எழுத்துருவை நம் லங்கா லினக்ஸ் பயனர் குழு செய்து டெபியன் வரை கொண்டுசேர்த்திருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எழுத்துரு இல்லாத இடத்தில் கணினி போடும் வெற்றுச் சதுரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டோஃபு', சோயாக் கட்டி. அந்தச் சதுரம் எந்த மொழிக்கும் வரக்கூடாது என்று கூகுள் வெளியிட்ட எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வந்ததும் அதனால்தான்: 'நோ டோஃபு'. பாமினிக் காலத்துக் குப்பைக்கும் இந்தச் சதுரத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அன்று கணினிக்குள்ளே தமிழே இல்லை. வெளியே போட்ட முகமூடி மட்டுமே தமிழ். யூனிகோடு வந்தபின் உள்ளே இருப்பது தமிழ்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கே உரிய எண்ணோடு. அந்த அம்மாவின் பெயர் சேவையகத்தில் பத்திரமாகவே இருந்தது. காட்டத்தான் ஆள் இல்லை.

திருத்தம் ஒரு வரி. டெபியனில் இருக்கும் லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவு என்று சேர்க்கவேண்டும். பையன் பதற்றத்தில் பொதியின் பெயரை முழுதாக 'டமில்' என்று அடித்தான். அப்படி ஒரு பொதி இல்லை என்று பதில் வந்தது. டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்துகள், ஐ கிடையாது. தமிழ் எழுத்துமுறைக்கு உலகத் தரக்குறியீடு அதுதானாம். இரண்டாம் முறை சரியாக அடித்தான். ஒரு மெகாபைட்டுக்கும் குறைந்த பொருள் அது. பெட்டியை மறுபடி கட்டி, ஏற்றி, அச்சிட்டோம். அந்த அம்மாவின் பெயர் 22ஆம் வரியில் இருந்தது. அதற்குள் மாலை நான்கு மணி. அன்றைய பால்மா முடிந்திருந்தது.

இந்த அனுபவம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே கொழும்பின் மென்பொருள் துறையினர் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதியும் நிரலொன்றை எழுதினார்கள். சஹானா என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்தது. திறந்த மூலமாக வெளியிட்டதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் அது போயிற்று. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. நாம் இந்தப் பெருமையை அதிகம் பேசுவதில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விருதல்ல. ஆழிப்பேரலை அலுவலகத்துக்காகக் கொழும்பில் எழுதிய ஒன்றை, இடிபாடுகளுக்கு நடுவே இன்னொரு நாட்டில், அதை எழுதாத ஒருவர், தூக்கமில்லாத இரவில் நிறுவவேண்டும். அப்பாச்சி வேண்டும், பீஎச்பி வேண்டும், மைஎஸ்கியூஎல் வேண்டும். மூன்றும் ஒத்துப்போகவேண்டும். பேரிடரில் மென்பொருளின் முதற்பயனர் பாதிக்கப்பட்டவரும் அல்ல, உதவி செய்பவரும் அல்ல, நிறுவுபவர்தான். அவருக்குச் சீட்டு எழுதி வைக்காதவன் நிரலே எழுதாதவனுக்குச் சமம் என்று பையனிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். (பத்திரிகைக்காரனின் மிகைதான். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.)

சீட்டைக் கையால் எழுதுவதே வேண்டாம், கருவியே எழுதட்டும் என்றும் ஒரு வழி வந்துவிட்டது. அதிலும் நம்மூர்க் கை இருக்கிறது. 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பலரினா என்ற நிரல்மொழி, 2019 செப்டெம்பரில் முதற் பதிப்பைக் கண்டது. அதன் கட்டளைக்குப் பெயர் 'பல்'. தமிழில் எழுதினால் கடிக்க வருவதுபோல இருக்கிறது. 'பல் பில்ட்' என்று அடித்து, பக்கத்தில் டொக்கருக்கு என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால், நிரலைத் தொகுக்கும்போதே கொள்கலனுக்கான கோப்பையும் எழுதி, பெட்டியையும் கட்டிக் கொடுத்துவிடும். 'பேக்' என்ற இன்னொரு கட்டளை, மூலநிரலை மோந்து பார்த்து இது ஜாவா, இது பைதன் என்று தானே தெரிந்துகொண்டு பெட்டி கட்டும். நல்ல கருவிகள். ஆனால் நிரலுக்குள் தெரிவதைத்தான் அவற்றால் ஊகிக்க முடியும். வெல்லம்பிட்டியில் தமிழ்ப் பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பது நிரலின் எந்த வரியிலும் இல்லை. அதை யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏன் இவர்கள் இன்னும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிறார்கள், சுட்டியால் அழுத்தினால் ஆகாதா என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒழுங்கான விடை எனக்குக் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்துவிட்டு அது போனபின், மலைநாட்டில் விழுந்த மழையெல்லாம் களனி ஆற்றில் இறங்கி வந்தது. மறுபடியும் அதே கரைகள், அதே பாடசாலைகள். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி பட்டியல் வேலையை எடுத்துக்கொண்டாள். பழைய நிரலைப் பற்றிச் சொன்னேன். அதன் கோப்புகள் வலையில் இன்னும் இருந்தன. கொள்கலனை மறுபடி கட்டப் பார்த்தாள், முடியவில்லை. பையன் அன்று அடிப்படையாக எடுத்தது டெபியன் 8. அதற்கான ஆதரவு 2020இல் முடிந்து, பொதிகளெல்லாம் பழஞ்சுவடிக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. பழைய முகவரியில் தேடிய ஆப்ட், 'இல்லை, இல்லை' என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சீட்டு சரியாகத்தான் இருந்தது. சீட்டில் எழுதிய கடைதான் இடம் மாறிவிட்டது.

சீட்டைத் தவிர, கட்டி முடித்த பெட்டியையே பையன் 2016இல் ஒரு பென் டிரைவில் இட்டு என்னிடம் தந்திருந்தான். 'டொக்கர் சேவ்' என்ற கட்டளையால் செய்தது. 400 மெகாபைட் அளவில் ஒரே கோப்பு. என் மேசை லாச்சியில் பழைய அடையாள அட்டைகளோடு கிடந்தது. அதை எடுத்துப் போவதற்குள் மாணவி நிவாரண லொறியுடன் புறப்படவேண்டியிருந்தது. மடிக்கணினியை என் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் மெல்பேர்னில் இருந்த பையனுக்கு அழைப்பெடுத்தேன். பையன் என்று சொல்கிறேனே தவிர, இப்போது அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"நான் சொல்லுறதை அப்பிடியே அடியுங்கோ, அங்கிள். டொக்கர். ஒரு இடைவெளி. லோட். இடைவெளி. சின்னக் கோடு. ஐ. இடைவெளி விட்டு ஃபைலின்ர பேர்."

தொண்ணூறுகளில் மட்டக்களப்பு நிருபர் தொலைபேசியில் செய்தி சொல்ல, தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதியவன் நான். முற்றுப்புள்ளி, புதுப்பந்தி, அடைப்புக்குறி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, கடைசியில் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டவேண்டும். கை பழக்கத்தை மறக்கவில்லை. வரியைத் திரும்ப வாசித்தேன். "ஓம், எண்டரைத் தட்டுங்கோ," என்றான். எந்தப் படத்தில் எந்த மூலையில் எந்தப் பொத்தான் என்று மெல்பேர்னிலிருந்து ஒருவன் எனக்குச் சொல்லிக்கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். கட்டளை என்பது சொல். சொல்லை வாயால் அனுப்பலாம், தாளில் எழுதலாம், லாச்சிக்குள் வைக்கலாம்.

இரண்டாவது வரியையும் அடித்தேன். ஒன்பது ஆண்டு பழைய பெட்டி திறந்து ஓடியது. உள்ளே எல்லாம் 2016 மே மாதத்தில் இருந்தபடியே: அதே பச்சை நிறத் தலைப்பு, அதே 'கைக்குழந்தை உண்டா' என்ற கேள்வி, தமிழ் எழுத்துரு. "நெற்றில மட்டும் போட்டிடாதேங்கோ," என்று அவன் எச்சரித்தான். இத்தனை ஆண்டு ஓட்டைகளை யாரும் அடைக்காத பழைய மென்பொருள் அது. ஊருக்குத் திறந்துவைத்தால் கள்ளர் புகுவார்கள். நாங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரே மடிக்கணினியில் மட்டும் பயன்படுத்தினோம். முதல் தாளை ஒட்டுமுன் இம்முறை நானே ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பெயர்கள் அகரவரிசையில் இருந்தன, ஆனால் நம் அகராதி வரிசையில் இல்லை. சகுந்தலாவுக்குக் கீழே சக்திவேல். நம் அகராதியில் மெய் முன்னால் வரும். சக்திவேல்தான் முதலில் நிற்கவேண்டும். பெட்டிக்குள் தமிழ் வரிசை விதி இல்லாததால், நிரல் யூனிகோடு எண்களின் வரிசையையே பிடித்துக்கொண்டது. யூனிகோடில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலப் பட்டியலில் இப்படி ஒரு குழப்பம் ஒரு காலை கூடத் தாங்கியிராது. தமிழில் 2016இலும் இதே வரிசையில்தான் ஒட்டியிருக்கிறோம், யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். சதுரம் போனதே போதும் என்றிருந்திருக்கிறேன்.

இரவு லொறியில் திரும்பி வந்த மாணவியிடம் காட்டினேன். களைப்பில் கண் செருகிக்கொண்டிருந்தவள், பழைய பெட்டியில் கைவைக்க வேண்டாம், தண்ணீர் வடிந்தபின் புதிய டெபியனில் மறுபடி கட்டுவோம் என்றாள். டிசம்பர் நடுப்பகுதியில் கட்டினாள். கோப்பை எனக்கு அனுப்பியிருந்தாள். எழுத்துரு வரிக்குக் கீழே இலங்கைத் தமிழுக்கான வட்டார விதிகளை நிறுவும் வரி ஒன்று புதிதாக இருந்தது. அதற்கு மேலே, கணினி பொருட்படுத்தாத குறிப்பு வரியாக, 'சக்திவேல் அங்கிளுக்காக' என்று எழுதியிருந்தாள். என் பெயர் சக்திவேல் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. திருத்தச் சொல்லவில்லை.